மலைக்குள்ள போயிட்டாரு

எங்கள் வேலையில் ‘கேவிட்டி’ என்று ஒரு சொல் உண்டு. கட்டடம் வரப்போகும் நிலத்தில் துளை போட்டுப் பார்ப்பதுதான் நாங்கள் செய்வது. முதலில் மண். 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவோம். பிறகு பாறை. சுண்ணாம்புப் பாறைக்குள் அரைத்துக்கொண்டே இறங்கும் குழாய் சில சமயம் எந்தத் தடையும் இல்லாமல் திடீரென்று கீழே விழும். மேலே திரும்பி வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுவிடும். எங்கள் டிரில்லர் இந்தோனேசியக்காரர். எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, “கொசோங், போஸ்” என்பார். காலி. நான் தாளில் எழுதுவேன்: 17.40 மீட்டர் முதல் 19.85 மீட்டர் வரை, கேவிட்டி.

அவ்வளவுதான் என் வேலை. அந்தத் தாளை வாங்குகிறவர்கள் அஸ்திவாரத் தூணை இன்னும் ஆழமாக இறக்குவதா, ஓட்டைக்குள் சிமெண்ட் குழம்பை அழுத்தி நிரப்புவதா என்று முடிவு செய்வார்கள். ஜொகூரில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்துவிட்டு ஈப்போவுக்கே திரும்பி வந்து நான்கு வருஷம் ஆகிறது. எத்தனை கேவிட்டி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்றின் உள்ளேயும் நான் போனதில்லை. சிம்பாங் பூலாயில் எங்கள் தாமானிலிருந்து குவா தெம்புருங் காரில் இருபது நிமிடம்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகும்போதெல்லாம் அந்த மலையை ஒட்டித்தான் போகிறோம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை, போகக்கூடாது.

போகக்கூடாது என்றது ஆயா, அப்பாவின் அம்மா. அதற்கு இரண்டு காரணம். ஒன்றைச் சொல்வார், இன்னொன்றைச் சொல்லமாட்டார்.

சொல்கிற காரணம் 1973. அக்டோபர் 18-ஆம் தேதி ஈப்போ குனோங் செரோவில் மலையிலிருந்து ஒரு பெரிய பாறைப் பாளம் அப்படியே பெயர்ந்து, அடியில் இருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 பேர் செத்துப்போனார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு போகிறோமே, அதே செரோதான். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தோட்டத்திலிருந்து சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் ராத்திரி பூராவும் அதையே பேசிக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு சுண்ணாம்பு மலை என்றாலே ஆயாவுக்கு ஆகாது. வேடிக்கை என்னவென்றால் அப்பா பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தது கல்லுடைக்கும் குவாரியில். அதற்கு ஆயா ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் வருகிற மலை வேறு போலிருக்கிறது.

சொல்லாத காரணம் அவருடைய அண்ணன். கோப்பேங்குக்கும் கம்பாருக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் ஆயா பிறந்தார். அண்ணனுக்கு அவரைவிட எட்டு வயது கூட. 1951 வாக்கில் ஒருநாள் அவர் இல்லை. கல்யாண வீடுகளில் கேட்டால் பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு கூட்டம், “பிடிச்சி ரஜூலா கப்பல்ல ஊருக்கு அனுப்பிட்டாங்க” என்னும். அவசரகாலத்தில் தடுத்து வைத்தவர்களை நாடு கடத்தியது உண்மை. நம்மவர்களும் அதில் இருந்தார்கள். ரஜூலா நாகப்பட்டினத்துக்கும் மெட்ராஸுக்கும் போய் வந்துகொண்டிருந்த கப்பல்தான். ஆக, நடந்திருக்கலாம். இன்னொரு கூட்டம் குரலைத் தணித்துக்கொண்டு, “மலைக்குள்ள போயிட்டாரு” என்னும். ஆயா எதுவும் சொல்லமாட்டார். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

சின்ன வயதில் அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மலை திறந்தது, அவர் உள்ளே போனார், மூடிக்கொண்டது. கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் என்பது பல்கலைக்கழகத்தில் நூலகப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் புரிந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் தொடங்கியதே நம் பேராக்கில்தான். மறுவருஷம் மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியைத் தூக்கில் போட்டார்கள். இதெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, மறைக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்திலும் ஒருவர். வாட்சாப்பில் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதை. ஆனால் கதைக்கு ஆதாரம் வேண்டும். குவா தெம்புருங்கின் உள்சுவரில் கம்யூனிஸ்டுகள் எழுதியவை இன்னும் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு தமிழ் எழுத்து கிடைத்தால் போதும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவேயில்லை. “நானும் வரேன். ஆயாகிட்ட கம்பார் மார்க்கெட்னு சொல்லிடு.”

*

தெம்புருங் என்றால் மலாயில் தேங்காய்ச் சிரட்டை. உள்ளே ஐந்து பெரிய அறைகள், ஒவ்வொன்றின் கூரையும் கவிழ்த்த சிரட்டைபோல இருக்கும், அதனால் இந்தப் பெயர். நாம் கிணற்றுத் தவளை என்பதை மலாய்க்காரர்கள் சிரட்டைக்கு அடியில் இருக்கும் தவளை என்பார்கள். வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். கோப்பேங் பையன், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கும். அப்பாவை ‘அங்கிள்’ என்றார். என்னைப் ‘பாங்’ என்றார்.

1997-இல்தான் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நடைபாதை, கைப்பிடி, விளக்கு எல்லாம் ஒரு பகுதிவரைக்கும் உண்டு. நாங்கள் எடுத்தது படி ஏறி உச்சிக்குப் போய், இறங்கி, கடைசியில் ஆற்றுவழியாகத் திரும்பும் சுற்று. அதற்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். தலைவிளக்கு கொடுத்தார்கள். கிளம்புமுன் அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். அப்படியும் யாருக்கோ போன் போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் மழையா என்று கேட்டார். குகைக்குள் ஓடுவது வெளியிலிருந்து வரும் ஆறு. இங்கே வெயிலடிக்கும்போதே அங்கே பெய்த மழை உள்ளே ஏறிவிடும்.

எனக்கு அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு ஞாபகம் வந்தது. என் கூடப் படித்தவன் ஒருவன் அங்கே போய்ப் படம் போட்டிருந்தான். பாலைவனத்தில் மணற்கல்லைத் தண்ணீர் அறுத்து உண்டாக்கிய இடுக்கு. நவஹோ மக்களுடைய நிலம், வழிகாட்டியோடுதான் போகலாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று பள்ளத்தாக்கின்மேல் மழையே இல்லை, எங்கோ தூரத்தில் பெய்தது. வெள்ளம் வந்து 11 பேரை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் படங்களைப் பார்த்தபோது ஒருநாள் போக வேண்டும் என்று வெள்ளியைச் சேர்க்கக்கூட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருபது நிமிடத்தில் இருப்பதைப் பார்க்காதவன். சிரட்டைத் தவளை என்று அந்தப் பையன் சொன்னது தப்பில்லை.

உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் பட்டது. பிறகு அளவு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் தாளில் இரண்டரை மீட்டர் கேவிட்டி என்றால் மேலதிகாரியிடமிருந்து போன் வரும். இங்கே அண்ணாந்தால் தலைவிளக்கின் ஒளி கூரையை எட்டவில்லை. மழைநீர் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி லேசான அமிலமாகி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பாறையே 25 கோடி வருஷத்துக்கும் மூத்தது, கடலடியில் படிந்தது. அதுவும் தெரியும். தெரிந்து என்ன, கழுத்து வலிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். சுவரில் மஞ்சளும் பழுப்புமாகக் கல் வழிந்து இறங்கியிருந்தது. கோல்டன் ஃப்ளோஸ்டோன் என்று அதற்குப் பெயர். கொதித்த பால் பொங்கி வழிந்து அப்படியே உறைந்த மாதிரி.

அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. சுவரில் கையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல கல்லுடா. பூ விழாத கல்லு. இத ஒடச்சா…” என்று ஆரம்பித்து, வழிகாட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் கண்ணுக்கு மலை என்றால் டன் கணக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் படித்தது அந்த டன்னில்தான். அவருக்கு இடது காது கேட்காமல் போனதும் அதில்தான். வெடி வைக்கிற இடத்தில் காதை மூட ஒன்றும் கொடுக்காத குவாரியில் அவர் ஆரம்ப வருஷங்கள் போயின. கிந்தா வட்டாரத்தில் இது ஒரு விநோதமான உறவு. செமோர் பக்கம் குனோங் கந்தானில் கண்டெடுத்த ஒரு புது நத்தை இனத்துக்கு, அந்த மலையை அப்போது உடைத்துக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே 2014-இல் வைத்தார்கள். வேறு எங்கும் இல்லாத நத்தை, மலை போனால் அதுவும் போகும் என்று உலகத்துக்குச் சொல்ல அப்படி ஒரு வழி.

சற்று உள்ளே போனதும் வழிகாட்டி, இங்கே ஈயம் எடுத்தார்கள் என்று சுண்ணாம்புக்கு நடுவே ஓடிய கறுத்த கோடு ஒன்றைக் காட்டினார். அப்பா குனிந்து அதற்குப் பக்கத்தில் வேறு எதையோ தடவினார்.

“இங்க பாரு. டிரில் ஓட்ட. கைல அடிச்சது. உளிய ஒவ்வொரு அடிக்கும் திருப்பித் திருப்பி அடிச்சிருக்கான். மிஷின்னா இப்டி கோணாது.”

நான் மலாயில் சொன்னேன். வழிகாட்டி வந்து தன் விளக்கை அதில் அடித்துப் பார்த்தார். தினமும் இரண்டு முறை இந்த வழியாகப் போகிறேன், கவனித்ததே இல்லை என்றார். அதிலிருந்து அவர் அப்பாவோடுதான் நடந்தார். நான் பின்னால்.

*

படிகள் ஏறி ஏறி, ஈரமில்லாத ஓரிடம் வந்தது. அங்கேதான் சுவர். சீன எழுத்துகள், ரோமன் எழுத்தில் பெயர்கள், ஓர் இதயம், ஒரு கார் எண். கரியால் எழுதியது, கல்லால் கீறியது, மார்க்கர் பேனாவால் எழுதியது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று.

“கம்யூனிஸ்ட் எழுதினதுன்னு சொல்லுவோம்” என்றார் வழிகாட்டி. “ஆனா எது அவங்க எழுதினது, எது ஈயம் எடுத்தவங்க எழுதினது, எது ஸ்கூல் பசங்க எழுதினதுன்னு என்னால பிரிக்க முடியாது. டூரிஸ்ட் கேட்டா கறுப்பா இருக்குறதக் காட்டுவேன்.”

எனக்கு அவருடைய நேர்மை பிடித்தது. ஆனாலும் நான் தேடினேன். போன் விளக்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு இடது மூலையிலிருந்து ஆரம்பித்து, பாறை மாதிரியைப் பெட்டியில் வரிசையாகப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சாணாக. இருபது நிமிடம் இருக்கும். ஒரு வளைவு ‘க’ மாதிரி தெரிந்தது. கிட்டே போனால் வெடிப்பு. வழிகாட்டி என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஆயாவின் அண்ணன், 1951, மலைக்குள் போனவர், தமிழ் எழுத்து.

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். “மாமாவுக்கு எழுதத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டமா?” என்றார்.

நான்கு வருஷமாக இதை மனசில் வைத்திருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. தோட்டத்துப் பையன், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பால்வெட்டுக்குப் போயிருப்பான். நடுவில் ஜப்பான்காரன் காலம் வேறு. என்னுடைய மாமா, நான் நூலகத்தில் படித்த ஆட்களைப்போல சுவரில் முழக்கம் எழுதுகிறவராகவே எனக்குள் இருந்திருக்கிறார். எனக்குத் தாத்தா முறை. ஆனால் கதையில் அவருக்கு என் வயதுதான்.

வழிகாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்க தாத்தா எஸ்சி” என்றார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அவசரகாலத்தில் தோட்டங்களையும் ஈயச்சுரங்கங்களையும் காவல் காக்க எடுத்தவர்கள், பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, காலையில் வெட்டுக்குப் போகிறவர்களைக் கேட்டிலேயே சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போகக் கூடாது. காட்டுக்குள் அரிசி போய்விடக் கூடாது என்பதற்காகக் கடையில் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்றார்கள். இதெல்லாம் நான் படித்தது. அவர் கேட்டு வளர்ந்தது. அவர் தாத்தா ஒரு தோட்டத்து கேட்டில் பால் வாளிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பாராம். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிற்காலத்திலும் ரப்பர் வாடை வந்தால் சாப்பிடமாட்டாராம்.

“பொம்பளப் புள்ளைங்களத் தொட்டு சோதிக்க முடியாது. கண்ண மூடிக்கிட்டு விட்டுருவேன்னு சொல்லுவாரு” என்றார்.

அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

*

உச்சிக்கு டாப் ஆஃப் தி வேர்ல்ட் என்று பெயர். அங்கே போய்விட்டு இறங்கி, ஆற்றுக்குள் கால் வைத்தோம். முதலில் கணுக்கால், பிறகு இடுப்பு. ஓரிடத்தில் கூரை தாழ்ந்து, மண்டியிட்டு ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. அப்பா வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். “லயத்து அடுப்படி இத விட தாழ்வு” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

நடுவில் ஓரிடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. எல்லாக் குழுவுக்கும் செய்வதுதானாம். அணைத்தோம். கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தேன், இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ராத்திரி ஷிஃப்டில் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து யாரும் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதாக நினைத்ததில்லை. இங்கே அந்த நினைப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“இதே மலைதான்னு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டேன். கிந்தாவில் எத்தனை மலை, எத்தனை குகை.

“தெரியாது” என்றது அப்பாவின் குரல். “ஆயா நெரைல நின்னா இந்த மலதான் தெரியும். வேற மல தெரியாது. அவ்ளோதான்.”

பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தோம். வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதிரே பழைய தோட்டம் இருந்த பக்கம் முழுக்க இப்போது செம்பனை. வழிகாட்டிக்கு நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. அப்பா கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

*

கம்பார் மார்க்கெட் போனவர்கள் தலையிலிருந்து கால்வரை சேற்றோடு வந்தால் எண்பத்தாறு வயதுக் கிழவிக்குக்கூடத் தெரிந்துவிடும். ஆயா ஒன்றும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். கண்ணுக்கு ரொம்பக் கிட்டே பிடித்துக்கொண்டு பார்த்தார். மஞ்சள் கல், படிகள், ஆறு. சுவர் வந்தபோது நிறுத்தினேன்.

“ஆயா, அண்ணனுக்கு எழுதத் தெரியுமா?”

“கைநாட்டு” என்றார் உடனே. எழுபது வருஷம் கழித்துக் கேட்கிற கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில் நான்தான் தடுமாறிப்போனேன். “எனக்கு ஐசி எடுத்தப்ப அவருதான் கூட வந்தாரு. அவருக்கு முன்னமே எடுத்தாச்சி. பெருவெரல்ல மை எப்டி ஒட்டணும்னு அவருதான் புடிச்சிக் காட்டுனாரு.” அவசரகாலத்தில்தான் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை வந்தது.

நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் ஆறு வரும் படத்துக்குப் போகச் சொன்னார். விரலால் பெரிதாக்கிக் காட்டினேன்.

“உள்ளுக்கு முழுக்க இப்டி தண்ணியா?”

“மேல கொஞ்சம் காஞ்ச எடமும் இருக்கு ஆயா.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நெரைல கடைசி மரத்துல மங்கக் கவுத்து வெச்சிட்டு வருவேன். ஒரு மங்குதான் புடிக்கும். பாவாட நாடாப் பக்கம் முடிஞ்சி எடுத்துட்டுப் போறது. மங்குக்கு அடியில இருந்தா மழைல நனையாது.” போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “இவ்ளோ ஈரத்துல அத எங்க கொண்டு வெச்சாங்களோ. அரிசி பூத்துப் போயிருக்குமே.”

அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய நல்ல காது எங்கள் பக்கம்தான் இருந்தது.